காசினிப் பூ விரியும் நேரம்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு காபிப்பொடி டப்பாக்கள் இருந்தன. ஒன்று பித்தளை, இன்னொன்று எவர்சில்வர். பித்தளை டப்பா தாத்தாவுடையது. பீபெரியும் பிளாண்டேஷன் ஏயும் கலந்து வறுத்து அரைத்த பொடி மட்டும் அதில் இருக்கும். எவர்சில்வர் டப்பா மற்ற எல்லோருக்கும். அதில் நாலு பங்கு காபிக்கு ஒரு பங்கு சிக்கரி. டிகாக்ஷன் கெட்டியாக இறங்கும், மாதக் கடைசிவரை பொடி வரும். அதனால் அம்மா அதை வாங்கினாள். தாத்தாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. "சிக்கரி போட்டா அது காபி இல்லை, கலப்படம்" என்பார். அந்த வீட்டில் வளர்ந்த எனக்குச் சிக்கரி என்பது ஒரு பொருளாகவே தோன்றியதில்லை. காபியில் இருக்கிற ஒரு குறைக்குப் பெயர் அது, அவ்வளவுதான்.

அது ஒரு செடி, அதற்கு வேரும் கீரையும் பூவும் உண்டு என்று தெரிந்தது 1974-ல். ரயில்வேயில் இருந்த அப்பாவுக்குக் குஜராத்தின் ஆனந்துக்கு மாற்றல் வந்தது. எனக்கு அப்போது பத்து வயது.

ஆனந்த் என்றதும் எல்லோருக்கும் பால்தான் நினைவுக்கு வரும். 1946-ல் தொடங்கிய அமுல் கூட்டுறவு அந்த ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோயிருந்தது. காலையிலும் மாலையிலும் கிராமத்துச் சங்க வாசலில் பாத்திரத்தோடு வரிசை நிற்கும். ஆனால் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த எனக்கு ஆனந்த் என்றால் முதலில் மூக்குக்குத்தான் வரும். அகமதாபாதுக்கும் வடோதராவுக்கும் நடுவே உள்ள ஜங்ஷன் அது. ஒரு கிளை டாகோர் வழியாகக் கோத்ராவுக்குப் போகும். இன்னொரு கிளை பெட்லாட் வழியாகக் கம்பாத்துக்குப் போகும். கம்பாத் பாசஞ்சர் வந்து நின்றால் பெட்டிக்குள்ளிருந்து புகையிலை வாசனை இறங்கும். சரோத்தர் என்று அந்தச் சீமைக்குப் பெயர். பீடிப் புகையிலைக்குப் பேர்போன இடம். பங்குனி சித்திரையில் காற்று திசை மாறினால் இன்னொரு வாசனை வரும். வெல்லப்பாகு கொஞ்சம் அடிப்பிடித்தது போல, தித்திப்பும் கருகலும் கலந்த வாசனை. ஊருக்கு வெளியே சிக்கரி வறுக்கும் கொட்டகைகள் இருந்தன. முதல் தடவை அது வந்தபோது அம்மா வாசலுக்கு ஓடிவந்து, "யார் வீட்டிலடி காபிக்கொட்டை வறுக்கிறா?" என்று என்னைக் கேட்டாள். மொழி தெரியாத ஊரில் அவளுக்குத் தெரிந்த முதல் வாசனை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தவரை நாங்கள் காகா என்று கூப்பிடுவோம். குஜராத்தியில் காகா என்றால் சித்தப்பா. அவர் மனைவி காகி. ரயில்வேயில் வேலை பார்த்தாலும் அவருக்குப் பெட்லாட் பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. டிசம்பர் விடுமுறையில் என்னையும் தம்பியையும் அங்கே அழைத்துப் போனார். புகையிலை ஒரு பக்கம், வாழை ஒரு பக்கம், நடுவே தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது ஒரு கீரைப் பாத்தி. முள்ளங்கி இலைபோல நீளமாக, ஓரத்தில் பல் பல்லாக. காகா குனிந்து மண்வெட்டியால் ஒரு செடியின் பக்கத்தில் நெம்பி இழுத்தார். வெளிறிய நிறத்தில் முள்ளங்கியைவிட ஒல்லியாக ஒரு ஆணிவேர் வந்தது. நுனி முறிந்த இடத்தில் பால் துளிர்த்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். வேப்பங்கொழுந்து தோற்றது. "சிக்கோரி" என்றார் காகா சிரித்துக்கொண்டே. காபியில் இருக்கிற குறைக்கு இத்தனை பெரிய வயலா என்று எனக்கு ஆச்சரியம்.

சரோத்தரின் மண்ணைக் கோராடு என்பார்கள். மணல் கலந்து பொலபொலவென்று இருக்கும். கையில் பிடித்துவிட்டால் உருண்டையாக நிற்கும், தட்டினால் உதிரும். வேர் நேராக இறங்க அப்படிப்பட்ட மண் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் விதைத்தால் பங்குனிக்குள் வேர் பருத்துவிடும். அறுவடை என்பது தோண்டுவதுதான். தோண்டி, மண் போகக் கழுவி, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி வெயிலில் பரப்புவார்கள். களம் முழுக்க வெள்ளை வற்றல் காய்வதுபோல இருக்கும். சுக்காகக் காய்ந்ததும் சுழலும் இரும்பு உருளையில் போட்டு வறுப்பார்கள். வேரில் இனுலின் என்ற மாவுப்பொருள் நிறைய உண்டு. சூட்டில் அது உடைந்து சர்க்கரையாகி, அந்தச் சர்க்கரை கருகும்போதுதான் காபியை நினைவூட்டும் நிறமும் வாசனையும் வருகின்றன. காபியில் இருக்கிற காஃபீன் மட்டும் இதில் துளியும் கிடையாது.

காகி ஒருநாள் ஒரு சிட்டிகை விதையைக் காகிதத்தில் மடித்து அம்மாவிடம் கொடுத்தாள். "போட்டுப் பாருங்கள் பென், மாடு தின்றால் மாட்டுக்கு, மனுஷன் தின்றால் மனுஷனுக்கு" என்றாள். பென் என்றால் குஜராத்தியில் சகோதரி. குவார்ட்டர்ஸ் கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவே ஒரு பாத்தி பிடித்தாள் அம்மா. விதை எள்ளைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும் என்று மணலோடு கலந்து தூவி, மேலே விரலால் லேசாக மண்ணைக் கோதிவிட்டாள். ஆழம் போனால் முளைக்காது. ஒரு வாரத்தில் பச்சை தெரிந்தது. நெருக்கமாக வந்ததையெல்லாம் பிடுங்கிச் சாணுக்கு ஒன்றாக விட்டாள். பிடுங்கியதே முதல் கீரை. எருவைப் புதிதாகப் போடாதே, வேர் கிளைத்துக் கோணிப்போகும் என்று காகி சொல்லியிருந்தாள். ஒரு செடியை அப்படியே சோதித்துப் பார்த்தோம். மூன்று கால் முளைத்த முள்ளங்கிபோல வந்தது.

கசப்புதான் கீரைக்குப் பகை. குளிர் இருக்கிற மார்கழி தையில் இளம் இலை அத்தனை கசக்காது. மாசி வெயில் ஏறியதும் கசப்பும் ஏறும். அம்மா வெளி இலையை மட்டும் ஒடித்து, கொதிக்கிற நீரில் போட்டெடுத்து அந்த நீரைக் கொட்டிவிடுவாள். பிறகு பாசிப்பருப்போடு வேகவைத்து, சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு, மோர்மிளகாய் கிள்ளித் தாளிப்பாள். தேங்காய் அந்த ஊரில் விலை அதிகம். அதனால் வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துத் தூவினாள். அது எங்கள் வீட்டில் மட்டுமே இருந்த கூட்டு. கும்பகோணமும் கிடையாது, ஆனந்தும் கிடையாது. இத்தாலியின் தென்கோடியில் புல்யாவில் இதே கீரையை வேகவைத்து, அவரைப் பருப்பு மசியலோடு சேர்த்து உண்கிறார்கள் என்று பிற்பாடு அறிந்தபோது எனக்கு அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. கசக்கிற கீரைக்குப் பருப்பு துணை என்று எந்த ஊர்ச் சமையற்கட்டுக்கும் தெரிந்திருக்கிறது.

ஒரு குளிர்காலத்தில் காகா ஊரிலிருந்து கொண்டுவந்த வேர்களில் பத்துப் பதினைந்தை அம்மா வெட்டி உலர்த்த நேரமில்லாமல், ஈர மணல் கொட்டிய பழைய மரப்பெட்டியில் சொருகி, கரி மூட்டை வைக்கும் இருட்டறையில் தள்ளிவிட்டாள். மறந்தும் போனாள். மூன்று வாரம் கழித்துக் கரி எடுக்கப் போனவள் என்னைக் கூப்பிட்டாள். சிம்னி விளக்கை நான் பிடிக்க, பெட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு வேரின் தலையிலும் வெளுத்த மஞ்சளில், வாழைக்குருத்துபோல இறுகச் சுருண்டு ஒரு கொழுந்து. பச்சை என்பதே இல்லை. கிள்ளி வாயில் போட்டாள். எனக்கும் கொடுத்தாள். மொறுமொறுவென்று இருந்தது. கசப்பு பேருக்குத்தான். வெயில் படாத இலைக்குக் கசப்பு குறைவு என்று அன்றைக்கு நாங்களாகவே கண்டுகொண்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் இப்படித்தான், நிலவறையில் கிடந்த சிக்கரி வேர் வெள்ளைக் கொழுந்து விட்டதைக் கண்டு ஒரு புதுக் காய்கறியையே உருவாக்கினார்கள். இன்று அது அந்த நாட்டின் பெருமை. எங்கள் இருட்டறைக் கொழுந்து ஒருவேளைச் சாப்பாட்டுக்கு எலுமிச்சம்பழமும் உப்பும் சேர்ந்த பச்சடியாக வந்தது.

அறுக்காமல் விட்ட செடிகள் அடுத்த பங்குனியில் தண்டு விட்டன. இடுப்பளவு உயர்ந்து, குச்சி குச்சியாகக் கிளைத்து, பார்ப்பதற்குக் காய்ந்த களைபோல நின்றன. ஒருநாள் காலையில் அந்தக் குச்சிகளில் நீலம் வந்திருந்தது. கருநீலம் கிடையாது, சங்குப்பூ நீலம் கிடையாது. மழை பெய்து வெளுத்த வானத்தின் நீலம். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு இதழின் நுனியும் அளந்து வெட்டியதுபோல நேராக, ஐந்து பல்லோடு இருக்கும். நாம் இதழ் என்று நினைப்பது ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சூரியகாந்திக் குடும்பம். அப்பா ஆபீசுக்குக் கிளம்புகிற நேரத்தில் பூக்கள் முழுக்க விரிந்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டுச் சாப்பாட்டுக்கு வரும்போது மூடிக்கொண்டிருக்கும். மூடிய பூ மறுபடி விரியாது. மறுநாள் வேறு பூ. தம்பி ஒரு பூவின் மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தான். நீலம் எங்கள் கண்ணெதிரே ரோஜா நிறமாகியது. அந்தப் பங்குனி முழுக்க வீட்டில் எலுமிச்சம்பழம் மிஞ்சவில்லை.

1977-ல் தைப்பொங்கல் முடிந்து தாத்தா வந்தார், பித்தளை டப்பாவோடு. ஆனந்தின் எருமைப் பாலில் அவருடைய காபி இன்னும் நன்றாக இருந்தது. ஒரு மாலை காகா வந்திருந்தபோது பேச்சு சிக்கரிக்குப் போனது. தாத்தா ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தன் பொடியை ஒரு சிட்டிகை தூவினார். அது அப்படியே மேலே மிதந்தது. எவர்சில்வர் டப்பாப் பொடியை இன்னொரு டம்ளரில் தூவினார். சில நொடிகளில் பழுப்பு இழைகள் கீழே இறங்கத் தொடங்கின. ஒவ்வொரு துகளும் பின்னால் ஒரு வாலை இழுத்துக்கொண்டு, நூல் நூலாகத் தண்ணீருக்குள் இறங்கியது. "மிதக்கிறது காபி. மூழ்கறது சிக்கரி. ஏமாத்த முடியாது" என்றார். இன்றைக்கும் காபிப்பொடியைச் சோதிக்க வீட்டில் செய்யக்கூடிய எளிய வழி அதுதான். காகாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தன் வயலில் விளைந்த பொருளை ஒருவர் குறைவாகப் பேசுகிறார் என்பது அவருக்குப் புரிந்தது. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கள் வீட்டில் இரண்டு கல்யாணம் இதில்தான் நடந்தது" என்றார் குஜராத்தியில். அப்பா அதைத் தாத்தாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

பங்குனி வெயில் தாத்தாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு செல்லவில்லை, வயிறு மந்தம். காகா அவரைப் பஜாரில் இருந்த வயதான யுனானி வைத்தியரான ஹகீமிடம் அழைத்துப் போனார். நானும் போனேன். ஹகீம் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ராத்திரி ஊறவைத்து, காலையில் அரைத்து வடிகட்டிக் கற்கண்டு போட்டுக் குடிக்க வேண்டும். "காஸ்னி" என்றார். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "காசினி விரையா? நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்குமே. ஈரலுக்கு நல்லதுன்னு எங்க அப்பாவே சொல்வார்" என்றார். முகத்தில் ஒரு மரியாதை வந்தது. செடி எப்படி இருக்கும் என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். ஹகீம், "நீலப் பூ. காலையில் சிரிக்கும், மத்தியானம் தூங்கிவிடும். இவர் வயலில் வேருக்காகப் போடுகிறார்களே, சிக்கோரி, அதே ஜாதிதான்" என்று காகாவைக் காட்டினார்.

அதை நான்தான் தமிழில் சொன்னேன். தாத்தா வழி நெடுக வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். எதிரே நீலப் பூக்கள். அம்மா பித்தளை டப்பாக் காபியை டபராவில் கொண்டுபோய்க் கொடுத்தாள். "ஏம்மா, இதுதானா அது?" என்றார். "ஆமாம் மாமா. இத்தனை நாளா நீங்க சாப்பிட்ட கூட்டும் இதுதான்" என்றாள் அம்மா. அவர் பூவைப் பறிக்காமல் இரண்டு விரலால் ஏந்திப் பார்த்தார். "காசினின்னா தமிழில் உலகம்னு ஒரு அர்த்தம் உண்டு. இது வேற பாஷையிலிருந்து வந்த பேரா இருக்கும். இருந்தாலும் பொருத்தமாத்தான் இருக்கு" என்றார். அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஊகித்தது சரி. செடியின் பெயர் உருது வழியாக வந்தது, உலகத்தைக் குறிக்கும் காசினி வேறு.

காபியில் அவர் கடைசிவரை சிக்கரி சேர்த்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பிடித்த ருசி அது, அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கலப்படம் என்று சொல்வதை அன்றோடு நிறுத்தினார். ஊருக்குப் புறப்பட்ட அன்று காகாவைக் கட்டிக்கொண்டு விடைபெற்றார். சட்டைப் பையில் மடித்த காகிதத்தில் விதை இருந்தது. அடுத்த கார்த்திகையில் கும்பகோணத்துக் கொல்லையில் தூதுவளைக்கும் கரிசலாங்கண்ணிக்கும் பக்கத்தில் விதைத்ததாகக் கடிதம் எழுதினார். கீரை வந்தது, கூட்டு வைத்தார்களாம். பூ மட்டும் வரவில்லை. தண்டு விட்டுப் பூக்க அதற்கு நல்ல குளிர் வேண்டும். காவிரிக்கரை மார்கழிக்கு அத்தனை குளிர் இல்லை.

1981-ல் நாங்கள் ஆனந்தை விட்டுக் கிளம்பினோம். அதன் பிறகு அந்தச் செடியை நான் எத்தனையோ இடங்களில் அடையாளம் கண்டிருக்கிறேன். ஈரலுக்கென்று வீடுதோறும் வாங்கும் லிவ்.52 மாத்திரை 1955-லிருந்து வருகிறது. அதன் அட்டையில் காசனி என்று எழுதியிருப்பது இதுதான். அதே அட்டையில் காகமாசி என்று இருப்பது நம் மணத்தக்காளி. யுனானியில் ஈரலுக்கும் சிறுநீருக்கும் கொடுக்கும் ஷர்பத்தே பஜூரியில் இதன் விதையும் வேரும் சேர்கின்றன. ஐரோப்பாவில் பிஸ்கெட்டிலும் தயிரிலும் நார்ச்சத்துக்காகச் சேர்க்கும் இனுலின் பெரும்பாலும் இதன் வேரிலிருந்து எடுப்பது. நாளுக்கு 12 கிராம் சிக்கரி இனுலின் மலச்சிக்கல் இல்லாமல் இருக்க உதவும் என்று 2015-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்டது. ஆனால் மருந்து என்றால் அதற்கு ஒரு வரம்பும் உண்டு. ஒரேயடியாக அதிகம் உண்டால் வயிறு உப்பும். பித்தப்பையில் கல் இருப்பவர்களும், சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள் ஒவ்வாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஈரல் நோய்க்கு வைத்தியத்தை விட்டுவிட்டு இதை நம்பியிருப்பதும் கூடாது.

சில வருஷங்களுக்கு முன் ஆனந்துக்குப் போனேன். காகாவும் காகியும் இப்போது இல்லை. அவர்கள் மகன் அதே நிலத்துக்கு என்னை அழைத்துப் போனான். வாழை அதிகமாகியிருக்கிறது. ஒரு ஓரத்தில், மாட்டுக்குப் போட்ட குதிரைமசால் பாத்தியில், யாரும் விதைக்காமலே நாலைந்து செடி நீலமாகப் பூத்திருந்தது. அது அங்கே களையாகவும் வரும், பிடுங்கி மாட்டுக்கே போடுவார்கள். மணி பத்து. பூக்கள் விரிந்தே இருந்தன. நான் உட்கார்ந்துவிட்டேன். அவன் ஒன்றும் கேட்காமல் விதைக் காய் முற்றிய தண்டைத் தேடிக் கசக்கி என் கையில் கொட்டினான்.

அந்த விதை இப்போது சென்னையில் என் மாடித் தொட்டியில் இருக்கிறது. ஒரு அடிக்குமேல் ஆழமுள்ள தொட்டி, பாதி மணல், பாதி மண், கொஞ்சம் மக்கின இலைத்தூள். கார்த்திகையிலிருந்து மாசிவரை கீரை கிடைக்கிறது. பூக்காது என்று தெரியும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் போட்டால் பூவையும் பார்க்கலாம்.

வாசகர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். காபிப்பொடிப் பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். காபி–சிக்கரி கலவை என்றால் நூற்றுக்கு 51 பங்காவது காபி இருக்க வேண்டும், சிக்கரி 49-ஐத் தாண்டக் கூடாது, எத்தனை பங்கு என்று எழுதவும் வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அளவைச் சொல்லாமல் மறைத்து விற்கிறவன் செய்வதுதான் கலப்படம். அந்தப் பழியைச் செடியின் மேல் போடாதீர்கள். அது வேரால் ஒரு ஊரைப் பிழைக்கவைத்த செடி. முடிந்தால் ஒரு சிட்டிகை விதை போட்டுப் பாருங்கள். ஐப்பசி மழை ஓய்ந்த மறுவாரம் விதைக்க ஏற்ற நேரம்.